காரம் போட்டாச்சு

“பொய் சொல்லச் சொல்லலடா. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லு. நல்லா இல்லேன்னாலும் நல்லா இருக்குன்னு சொல்லு. வேற என்ன கேட்டேன் உன்னை?”

“இதுல ரெண்டாவது பொய்தானே அக்கா?”

“அது பொய்யில்ல, மருந்து. போ, கிளாசைக் கழுவு.”

தம்பி சோப்புக்காரர் கிளாசைக் கழுவினார். ஏற்கெனவே இரண்டு முறை கழுவியதுதான். வயிறு பெருத்து வாய் குறுகின கிளாஸ், ஒற்றைக் கால் உள்ளது. வெறும் வெந்நீரில்தான் கழுவ வேண்டும், சோப்பு பட்டால் பீரில் நுரை நிற்காது என்று மச்சான் சொல்லிக்கொடுத்திருந்தார். முப்பது வருஷம் சோப்புத் தொழிற்சாலையில் உழைத்தவனைப் பார்த்து சோப்பு போடாதே என்று சொல்வதில் அவருக்கு ஒரு தனி குஷி. “சோப்பு போடணும்னா எனக்குப் போடு மாப்ள, கிளாசுக்குப் போடாதே” என்பார். அதெல்லாம் மச்சானுக்குக் குரல் இருந்தபோது.

அக்கா சமையல் மேடையில் புருஷனுக்கு மதியச் சாப்பாடு தயார் செய்துகொண்டிருந்தாள். சாப்பாடு என்றால், டப்பாவிலிருந்து ஒரு மாவை எடுத்து வெதுவெதுப்பான நீரில் கட்டி தட்டாமல் கரைத்து, வடிகட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் இழுத்து வைப்பது. மாடியில் படுத்திருக்கும் அந்த மனுஷனின் வயிற்றில் ஒரு குழாய் பொருத்தியிருந்தார்கள். அவருடைய உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கி, கடைசியில் அடைத்தே போய்விட்டது. எச்சிலைக்கூட விழுங்க முடியாது. கையில் எந்நேரமும் மூடி போட்ட டப்பா ஒன்று. குரல்வளையும் வெந்ததில் பேச்சும் இல்லை. சிலேட்டும் சாக்பீசும்தான் அவருடைய நாக்கு.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆஸ்பத்திரிப் படிவம் ஒட்டியிருந்தது. குடலில் ஒரு துண்டை எடுத்து உணவுக்குழாய்க்குப் பதிலாகத் தைத்துவிடலாம், மறுபடியும் வாயால் சாப்பிடலாம், குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். “எடை இறங்கிட்டே வருது. இந்த வாரத்தை விட்டா அப்புறம் உடம்பு தாங்காது. நானும் கத்தியைத் தொட மாட்டேன். வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள உண்டு இல்லைன்னு சொல்லிடுங்க. இந்த இடத்துக்கு வரிசையில ஆள் நிக்குது.”

இன்றுதான் வியாழக்கிழமை. படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் வெறுமையாக இருந்தது. கேட்கும்போதெல்லாம் மச்சான் ஒரே பதிலைத்தான் எழுதினார்: முதல்ல பீர் ஆகட்டும்.

“அவருக்கு அந்த பீர் மேலதான் உசுரு,” என்றாள் அக்கா. “அது நல்லா வந்திருக்குன்னு காதால கேட்டா, நாமளும் ஒரு வாய் குடிக்கணும்னு ஆசை வரும். ஆசை வந்தா கையெழுத்து வரும். அதுக்குத்தான்டா சொல்றேன்.”

“சரிக்கா.”

“மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகாதே. எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு.”

அது சாதாரண பீர் இல்லை. பெல்ஜியத்தில் துறவிகள் மடங்களில் காய்ச்சுவார்களே, அந்த வழியில் செய்த, ஏல் என்கிற குளிர்கால பீர் வகை. கறுப்பாக இருக்கும், கனமாக இருக்கும். முளைகட்டி வறுத்த பார்லியான மால்ட்டில் கருகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு ஊற்றி, பட்டை, கிராம்பு, சுக்கு, மிளகு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டது. மச்சானுடைய புரூவரி சின்னது, ஆறே டேங்க். மற்ற மாதங்களில் ஊருக்கெல்லாம் பிடித்த வெளிர் பீரைக் காய்ச்சுவார். வருஷத்துக்கு ஒருமுறை, குளிருக்கு முன்னால், தனக்குப் பிடித்த இந்தக் கறுப்பைக் காய்ச்சுவார். பதினோரு வருஷமாகக் காய்ச்சுகிறார், ஒரு வருஷம்கூட அவருக்குத் திருப்தியில்லை. ஒரு வருஷம் கிராம்பு முந்திக்கொண்டது. இன்னொரு வருஷம் இனிப்பு கழுத்தைப் பிடித்தது. “அடுத்த வருஷம் பாரு” என்பார். பொங்கல் வைப்பவளைப்போல அடுப்புக்கு முன்னால் நின்று அவர் பாகு காய்ச்சுவதை அக்கா கேலி செய்வாள். “எனக்குக் கட்டின தாலியை அந்தப் பானைக்குக் கட்டியிருக்கலாம்.”

சோப்புத் தொழிற்சாலையை மூடியபோது, ஐம்பத்திரண்டு வயதில் வேறு வேலை கிடைக்காமல் நின்ற தம்பியை அக்காதான் புரூவரிக்குள் கொண்டுவந்து விட்டாள். டேங்க் கழுவுகிற வேலை. கழுவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வந்த முதல் வாரமே சோப்புக்காரர் என்று பெயரும் வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு சொல் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

சோப்புத் தொழிற்சாலையில் காரம் என்றால் ஒரே பொருள்தான், கொழுப்பை உடைத்து சோப்பாக்குகிற எரிசோடா. காரம் வந்திறங்கிச்சா, காரம் கூடிப்போச்சு, காரம் பட்ட கையைக் கழுவு என்று நாளைக்கு நூறு தரம் அந்தச் சொல் புழங்கும். சோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கட்டியை நாக்கு நுனியால் தொடுவார்கள். சுருக்கென்று இழுத்தால் காரம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு ருசியில் சோப்புக்காரரின் நாக்கு புலி. அதே எரிசோடாவைப் புரூவரியில் டேங்க் கழுவ வைத்திருந்தார்கள். அங்கே எல்லோரும் அதைச் சோடா என்றார்கள். இவர் வாயில் மட்டும் காரம் என்றே வந்தது.

மச்சான் வாயில் காரம் என்றால் வேறு. பட்டையையும் கிராம்பையும் சுக்கையும் தனியாகக் கொதிக்கவைத்து இறக்குவார், கறுப்பு பீரில் கடைசியாக ஊற்ற. அதற்கு அவர் வைத்த பெயர் காரம். சோப்புக்காரர் அதைக் கஷாயம் என்பார். இரண்டு மாதம் ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் தப்பாக விழவில்லை. விழுவதற்கு ஒரு நாள் போதுமே.

பத்து வாரத்துக்கு முன்னால், ஒரு காலைநேரம். கஷாயம் உள்ளறை அடுப்பிலிருந்து இறங்கி ஆறிக்கொண்டிருந்தது. கட்டடம் முழுக்கக் கிராம்பு வாசனை. சோப்புக்காரர் நாலாம் நம்பர் டேங்கை எரிசோடா போட்டுக் கழுவி முடித்திருந்தார். கறுப்பு பீர் இருந்த டேங்க், கழுவின தண்ணீரும் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஒருமுறை கழுவினதைக் கொட்டிவிடக் கூடாது, இன்னொரு டேங்குக்கு ஆகும் என்பது சோப்புத் தொழிற்சாலைப் பழக்கம். ஒரு கேனில் பிடித்து மூடி வைத்தார். மேலே சீட்டு ஒட்டவில்லை. பம்பு இரைந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்து மச்சான் கத்தினார்.

“மாப்ள! காரம் என்னாச்சு?”

“ரெடி மச்சான்! நாலாம் நம்பர் பக்கத்துல கேன்ல இருக்கு!”

“ஆறிடுச்சா?”

“ஆறிடுச்சு, ஆறிடுச்சு!”

“தூக்கலா இருக்குமா?”

“காரம்னா தூக்கலாத்தான் மச்சான் இருக்கும்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மச்சான் மூடியைத் திறந்தார். நிறம் சரியாக இருந்தது. வாசனைதான் ஊர் முழுக்க இருந்ததே. கரண்டி நிறைய மொண்டார். ஒயின்காரன்தான் வாயில் வைத்துத் துப்புவான், தொண்டையில் இறங்காத சரக்கைப் பற்றிப் பேச எவனுக்கும் யோக்கியதை இல்லை என்பது அவர் கட்சி. ஒரே விழுங்கு.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து சோப்புக்காரர் கேட்ட கேள்வி இதுதான்: “என்ன மச்சான், காரமா?”

கிண்டலாகத்தான் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் கரண்டி கீழே விழுந்தது.

ஓடிவந்தவர்கள் வாந்தியெடுக்க வைக்கப் பார்த்தார்கள். சோப்புக்காரர் அவர்களைத் தள்ளிவிட்டு, வாயைக் கொப்பளிக்க வைத்து, அப்படியே வண்டியில் ஏற்றினார். “வாந்தி எடுக்க வைக்காம கொண்டுவந்தீங்களே, நல்ல வேலை பண்ணீங்க” என்று அவசரப் பிரிவு டாக்டர் தோளில் தட்டினார். அதற்குப் பிறகு அவர் நல்ல வேலை பண்ணியதாக யாரும் சொல்லவில்லை. தப்பு பண்ணியதாகவும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை, மச்சானும் எழுதவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நாலு பருக்கை சோறாவது உள்ளே இறங்கியிருக்கும். காரம் என்ற சொல்லை மட்டும் சோப்புக்காரர் தன் வாயிலிருந்து எடுத்துவிட்டார். சாப்பிடும்போதுகூட உறைப்பு என்றுதான் சொல்வார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்து மச்சான் முதன்முதலாக எழுதிய வரியை சோப்புக்காரர்தான் படித்தார்: கஷாயம் ஊத்தியாச்சா?

கஷாயம் என்று எழுதியிருந்தார். தம்முடைய சொல்லை விட்டுவிட்டு இவருடைய சொல்லை எழுதியிருந்தார்.

அக்காவும் தம்பியுமாக நோட்டைப் பார்த்து, சிலேட்டில் கேட்டுக் கேட்டுப் புதிதாகக் கஷாயம் வைத்து ஊற்றினார்கள். ஊறவிட்டார்கள், பாட்டிலில் அடைத்தார்கள், நுரை பிடிக்க மூன்று வாரம் சூடான அறையில் வைத்தார்கள். இன்று முதல் பாட்டில்.

மாடி அறையில் மச்சான் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று சவரம்கூடச் செய்துகொண்டிருந்தார். அக்கா அதைப் பார்த்துத் தம்பியை முழங்கையால் இடித்தாள். பார்த்தியா, பார்த்தியா.

“மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. பொண்ணு இந்தா வந்துட்டா, கறுப்பா இருக்கா, பரவாயில்லையா?” என்று பாட்டிலை ஆட்டப் போனாள்.

சிலேட்டில் சாக்பீஸ் டொக்கென்று தட்டியது. ஆட்டாதே.

“உத்தரவு.”

சோப்புக்காரர் கிளாசைச் சாய்த்து ஊற்றினார். நுரை நன்றாகவே எழுந்தது, பால் கலந்த காப்பி நிறத்தில், இரண்டு விரல் உயரம். மச்சான் கிளாசை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் இருட்டு, ஓரத்தில் மாதுளம் முத்துச் சிவப்பு. பிறகு கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோனார். மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வெகுநேரம் மோந்தார். எழுதினார். அக்கா உரக்கப் படித்தாள், தம்பி மூக்குக்கண்ணாடியைக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“பட்டை. கிராம்பு, அளவா. ஆரஞ்சு. அத்திப்பழம்… அத்திப்பழமா? அதை நாங்க போடவே இல்லையே?”

அவர் எழுதினார். அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள். “ஈஸ்ட் போட்டுச்சாம். நமக்குத் தெரியாம.”

பத்து வாரத்தில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. மச்சான் உதட்டோரமும் அசைந்தது. அதைப் பார்த்ததும் சோப்புக்காரர் அக்கா முகத்தைப் பார்த்தார். அக்கா சொன்னது பலிக்கத்தான் போகிறதோ?

மச்சான் கிளாசை நீட்டினார். குடி.

சோப்புக்காரர் குடித்தார். குடித்துப் பழக்கமான ஆளில்லை அவர். வாயில் வைத்துக்கொண்டு மச்சானைப் பார்த்தார். மச்சான் தன் தொண்டையைத் தொட்டுக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார். விழுங்கு.

“முதல்ல என்ன?” என்று அக்கா சிலேட்டைப் படித்தாள்.

“இனிப்பு. கருகின சர்க்கரை. ஆனா திகட்டல மச்சான்.”

“அடுத்து?”

“ரொட்டியோட ஓரம். நல்லா கருக வெந்ததுன்னா எப்படி இருக்கும், அது. அப்புறம் காஞ்ச திராட்சை.”

“பாருங்க எப்படிப் பேசுறான்! முப்பது வருஷம் சோப்பை நக்கின நாக்கு!”

மச்சான் அவளைக் கையமர்த்தினார். எழுதினார். இம்முறை அக்கா படிப்பதற்கு ஒரு கணம் ஆனது.

“விழுங்கினப்புறம் என்னன்னு கேக்குறார்.”

“நல்லா இருக்கு.”

சாக்பீஸ் டொக் டொக்கென்று தட்டியது.

“நல்லா இருக்குன்னு கழுதைகூடச் சொல்லுமாம். மோந்து பார்த்து மத்ததெல்லாம் அவரே தெரிஞ்சுக்கிட்டாராம். தொண்டைக்குள்ள என்ன ஆகுதுன்னு மட்டும்தான் அவருக்குத் தெரியாதாம். அதைச் சொல்லுன்றார்.”

சோப்புக்காரர் இன்னொரு வாய் குடித்தார். குடிக்க வேண்டியதில்லை, தெரிந்துதான் இருந்தது.

“ஒரு மாதிரி… உறைப்பா இருக்கு மச்சான். லேசா.”

மச்சான் அவரையே பார்த்தார். சிலேட்டைத் துடைத்தார். இரண்டே சொல் எழுதினார். அக்கா படிக்கவில்லை. சிலேட்டைத் தம்பியின் கண்ணுக்கருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

பேரைச் சொல்லு.

கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். அதன் சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“காரம்,” என்றார் சோப்புக்காரர்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் தலையை ஆட்டினார். மேலே சொல்லு.

“விழுங்கும்போது இல்ல மச்சான். அப்போ ஒண்ணுமே தெரியல. விழுங்கி முடிச்சு மூச்சு விடுறேன் பாருங்க, அப்போ வருது. கீழேருந்து. நெஞ்சுலேருந்து மேல ஏறுது. சூடு. ஆனா சுடல. எரிச்சலே இல்ல. குளிர்ல வெளிய நின்னுட்டு உள்ள வந்து கதவைச் சாத்தினா ஒரு இதம் வருமே, அது தொண்டைக்குள்ள வருது. வந்து, அங்கேயே இருக்கு. இப்பக்கூட இருக்கு. இன்னொரு வாய் குடின்னு அதுதான் கேக்குது.”

இவ்வளவு பேசுவார் என்று அவருக்கே தெரியாது. வாய் திறந்தால் மூடாதுபோல இருந்தது.

மச்சான் கண்ணை மூடினார். குரல்வளை ஒருமுறை மேலேறி இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து துப்பினார், மூடினார். பிறகு நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாக எழுதினார்.

“பதினோரு வருஷமா இதைத்தான் தேடினேன்,” என்று அக்கா படித்தாள். “காரம் பின்னால வரணும். எப்பவும் முன்னாலயே வந்துடும்.” அவர் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினார். “மாப்ள… உன் மேல தப்பில்ல. ஐயோ, கேட்டியாடா? உன் மேல தப்பில்லையாம்டா!”

பத்து வாரமாக சோப்புக்காரர் தூக்கத்தில்கூட ஏங்கிய வார்த்தை அது. வந்தபோதோ, ஊருக்குக் கிளம்புகிறவன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதைப்போல இருந்தது. அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் ஓடிப்போய்ப் படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்தாள். மூச்சிரைத்தது.

“இந்தாங்க. ஒரே ஒரு கையெழுத்து. அடுத்த குளிருக்கு நீங்களே குடிச்சுப் பாருங்க. இவன் சொல்லிக் கேக்கணும்னு என்ன தலையெழுத்து?”

மச்சான் பேனாவை வாங்கவில்லை. சாக்பீசை எடுத்தார்.

வேண்டாம்.

“எது வேண்டாம்?”

சரியா வந்துடுச்சு. இனி எதுக்கு?

“எதுக்கா? குடிக்க வேண்டாமா நீங்க?”

அவர் மச்சினனைக் கையால் காட்டினார். பிறகு எழுதினார். குடிச்சாச்சு.

“குடிச்சது அவன்! அவன் வாய், அவன் தொண்டை! உங்களுக்கு என்ன இறங்குச்சு? ஏங்க, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. எனக்காகக் கூடாதா? அந்தப் பானைக்காகப் பதினோரு வருஷம் எழுந்திரிச்சீங்களே, எனக்காக ஒரு தரம்…”

அவர் அவளைப் பார்த்தார். கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதில் பாசம் இருந்தது, கையெழுத்து இல்லை. மதிய சிரிஞ்சை அவள் எடுத்தபோது, குழாயின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

கீழே அடுப்படியில் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு குறை சொல்லியிருக்கக் கூடாதாடா?”

“நீதானே அக்கா நல்லா இருக்குன்னு…”

“நான் சொல்லுவேன்! நான் ஆயிரம் சொல்லுவேன்! எனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு வருஷமும் ஒரு குறை இருந்துச்சு, அதனால அந்த மனுஷன் அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குன்னு நடந்துக்கிட்டிருந்தார். ஒரு பொட்டு கசப்புன்னு சொல்லியிருந்தா, எங்கடா கசப்புன்னு எழுந்து உட்கார்ந்திருப்பாரே. இப்படி ஓட்டை ஒடிசல் இல்லாம மூடிக் கையில கொடுத்துட்டியே!”

“உண்மையைத்தானே சொன்னேன்.”

“ஆமா. நீ என்னிக்கு உண்மையைச் சொல்லாம இருந்தே? அன்னிக்கும் உண்மையைத்தான் சொன்னே.”

இத்தனை நாள் அவர் எதிர்பார்த்த அடி அதுதான். வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு மறுபடியும் மாடி ஏறினார். கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

“மச்சான்.”

மச்சான் கண்ணைத் திறந்தார்.

“ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அக்கா இருந்தா, அதான். கசக்குது மச்சான். கடைசியில. நாக்கு அடியில நிக்குது. அடுத்த வருஷம் கொஞ்சம்… கொஞ்சம் பார்த்துப் பண்ணணும். நீங்க இல்லாம எனக்கு வராது.”

எது கசப்பு? ஆரஞ்சுத் தோலா, மால்ட்டா?

“தோல். இல்ல, மால்ட். ரெண்டும்.”

மச்சான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கோபமில்லை. சிலேட்டில் எழுதித் திருப்பிக் காட்டினார்.

கசந்திருந்தா உன் மூஞ்சி சொல்லியிருக்கும். இதையும் கெடுக்காதே.

சோப்புக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தார். ‘இதை’ என்று எழுதியிருக்கலாம். ‘இதையும்’ என்று எழுதியிருந்தார். தப்பில்லை என்றவர் சாக்பீசிலிருந்துதான் அந்த ‘உம்’மும் விழுந்தது. எழுதியவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போர்வையை இழுத்துக்கொண்டார். பாதி குடித்த கிளாஸ் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதை எடுப்பதா, அங்கேயே விடுவதா என்று தெரியாமல் சோப்புக்காரர் கொஞ்சநேரம் நின்றார். பிறகு எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மூன்றரை மணிவரை அக்கா ஐந்து தடவை மாடிக்குப் போய் வந்தாள். முதலில் கெஞ்சுவது கேட்டது, பிறகு சத்தம் போடுவது, கடைசியில் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்து, கையிலிருந்த படிவத்தை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் போனை வைத்தாள்.

“நாலு மணிக்குள்ள சொல்லணும்.”

“நாளைக்குச் சொல்றோம்னு கேட்டுப் பார்க்கலாமா?”

“கேட்டேன். முடியாதாம்.”

“அப்ப நீயே…”

“என் வாயால வராதுடா. தாலி கட்டிக்கிட்டவ வாயால அதைச் சொல்ல முடியாது. நீ சொல்லு.”

சோப்புக்காரர் போனை எடுத்தார். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தி, மூன்றாம் முறை கிடைத்தது. ஒரு பெண் பேசினாள். நல்ல கணீரென்ற குரல். நோயாளியின் எண்ணைக் கேட்டாள், சொன்னார்.

“நீங்க என்ன உறவு?”

“அவர் எனக்கு மச்சான்.”

“சரி, சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். அக்கா எதிரே மேஜையில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா? ஒண்ணும் கேக்கல.”

“வேண்டாமாம்.”

“வேணுமா, வேண்டாமா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், இங்க ஒரே இரைச்சல்.”

“வேண்டாம்.” சொல்லிவிட்டு அவசரமாக, “அம்மா, அம்மா, வெச்சுடாதீங்க. நான் சொன்னது உங்களுக்கு என்னன்னு கேட்டுச்சு? ஒரு தரம் திருப்பிச் சொல்லுங்க.”

“எதுக்கு சார்?”

“தப்பாக் கேட்டிருக்கலாம். சொல்லுங்கம்மா.”

அந்தப் பெண் சலித்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்திச் சொன்னாள்.

“ஆபரேஷன் வேண்டாம். பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடலாம். சரிதானே சார்?”

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

“சரிதாம்மா,” என்றார் சோப்புக்காரர்.